நாட்டு நலப்பணியின் நோக்கம் எது?

ஆண்டுதோறும் செப்டம்பர் 24 அன்று கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட நாள் கொண்டாடப்படுகிறது. மரக்கன்று நடுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், பேரணி ஒன்று பேருந்து நிலையம் வரை சென்று திரும்பும். அந்தப் பேரணியில் நடக்கும் மாணவரிடம், இந்த அமைப்பு எதற்காகத் தோன்றியது என்று கேட்டால், 'சமூக சேவை செய்வதற்கு' என்பார். அது பாதி சரியான விடை. மறுபாதி மறக்கப்பட்டதால்தான், பெருங்கனவுடன் தொடங்கிய ஒரு திட்டம் பல கல்லூரிகளில் சான்றிதழுக்கான சடங்காகச் சுருங்கி நிற்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் நான்காண்டுகள் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராகவும் இருந்தேன். வேப்பனப்பள்ளி வட்டாரக் கிராமங்களில் மாணவர்களுடன் முகாமிட்டு அறிந்தவற்றை இத்திட்டத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போது, அதன் நோக்கத்தை இன்றைய மாணவருக்கு ஏற்பப் புதிதாகப் படித்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

கல்லூரி மாணவர்களை நாட்டுப்பணியில் ஈடுபடுத்த வேண்டும் என்ற எண்ணம் விடுதலைக்கு முன்பே இருந்தது. விடுமுறை நாள்களைக் கிராமத்தில் செலவிடுங்கள் என்று காந்தியடிகள் மாணவர்களைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். விடுதலைக்குப் பின், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, கல்வி நிறுவனங்களில் விருப்ப அடிப்படையிலான நாட்டுப்பணியைப் பரிந்துரைத்தது. முதலாம் ஐந்தாண்டுத் திட்டமும் மாணவர்கள் ஓராண்டு சமூகப்பணி, உடலுழைப்புப் பணி செய்வதன் தேவையைப் பேசியது.

1958-இல் பிரதமர் நேரு இன்னும் ஒரு படி மேலே சென்றார். பட்டம் பெறுவதற்கு முன்நிபந்தனையாகவே சமூகப்பணியை வைக்கலாமா என்று மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு டாக்டர் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. இந்திய ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநராகவும் நடுவண் நிதியமைச்சராகவும் இருந்தவர் அவர். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்ல விரும்பும் ஒவ்வொருவரும் 9 மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய நாட்டுப்பணி செய்ய வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. ஆகும் செலவையும் நடைமுறைச் சிக்கல்களையும் கருதி அரசு அதை ஏற்கவில்லை.

பின்னர், கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளில் இளைஞர் நாட்டுப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்று ஆராய்ந்து, விருப்ப அடிப்படையே நம் நாட்டுக்கு ஏற்றது என்றார். 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, கல்வியின் எல்லா நிலைகளிலும் மாணவர்க்குச் சமூகப்பணியோடு தொடர்பு இருக்க வேண்டும் என்றது. 1967-இல் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, தேசிய மாணவர் படைக்கு மாற்றாக நாட்டு நலப்பணித் திட்டம் என்ற ஒன்றை மாணவர்க்கு அளிக்கலாம் என்று முடிவு செய்தது. அதே ஆண்டு துணைவேந்தர்கள் மாநாடும் அதை வரவேற்றது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கென 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களுடன் திட்டம் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அப்போதைய நடுவண் கல்வி அமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ். 1908-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் இவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். இந்தியாவின் தேசிய வருமானத்தை முறைப்படி கணக்கிட்ட முன்னோடிகளில் ஒருவர். டெல்லி பொருளியல் பள்ளியையும், பின்னாளில் நமது அண்டை நகரான பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்றங்களுக்கான ஆய்வு நிறுவனத்தையும் நிறுவியவர். நாட்டின் வருமானத்தைக் கணக்கிட்ட ஒருவரே, அந்த வருமானத்தில் கிராமத்துக்குக் கல்லூரி என்ன திருப்பித் தருகிறது என்ற கேள்விக்கும் வடிவம் கொடுத்தார் என்பது பொருளியல் மாணவனான எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

அன்றைய கேள்வி நேரடியானது. கல்லூரிக்குச் செல்வோர் மிகச் சிலர். அவர்களது படிப்புச் செலவில் பெரும்பகுதியை ஏழை உழவரும் கூலித் தொழிலாளரும் மறைமுக வரியாகச் செலுத்துகின்றனர். படித்தவர் நகரத்துக்குப் போய்விடுகிறார். எனில், அந்தக் கடனை அவர் எப்படித் திருப்பிச் செலுத்துவது?

இதே கேள்விக்குப் பிற நாடுகள் வேறு விடைகளைக் கண்டன. மெக்சிகோவில் மருத்துவ மாணவர்கள் பட்டம் பெறுமுன் சமூகப்பணி ஆற்றும் வழக்கம் 1936-இல் தொடங்கியது. உள்நாட்டுப் போரால் பிளவுபட்ட நைஜீரியா, 1973-இல் பட்டதாரிகளுக்கு ஓராண்டு நாட்டுப்பணியைக் கட்டாயமாக்கி, அவர்களைச் சொந்த மாநிலத்துக்கு வெளியே அனுப்பியது. இந்தியா கட்டாயத்தைத் தவிர்த்தது. படிப்பை நிறுத்தாமல் படிப்போடு சேர்த்தே பணி என்ற வழியைத் தேர்ந்தது.

அந்த வழியின் கணக்கு இது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். தத்தெடுத்த கிராமம் ஒன்றில் ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும். நூறு மாணவர் கொண்டது ஓர் அலகு. அதற்கு ஓர் ஆசிரியர் திட்ட அலுவலர். 'நானல்ல, நீ' என்பது முழக்கம். கோனார்க் சூரியக் கோயில் தேரின் சக்கரம் சின்னம். அதன் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 40 லட்சம் மாணவர்கள் இதில் உள்ளனர்.

இத்திட்டத்தின் அதிகாரபூர்வ நோக்கங்களைப் படிப்பவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. சாலை அமைப்பதோ, குளம் தூர்வாருவதோ அந்தப் பட்டியலின் தலைப்பில் இல்லை. தாம் பணியாற்றும் சமூகத்தைப் புரிந்துகொள்வது முதல் நோக்கம். அந்தச் சமூகத்தோடு உள்ள உறவில் தம்மைத் தாமே புரிந்துகொள்வது இரண்டாவது. சமூகத்தின் தேவைகளைக் கண்டறிந்து தீர்வில் பங்கேற்பது அடுத்து வருகிறது. சேவையின் வழியே மாணவரின் ஆளுமையை வளர்ப்பதுதான் அடிப்படை. சேவை இங்கே ஒரு பாடமுறை. 'சமூக சேவை' என்ற விடையில் விடுபட்ட மறுபாதி இதுவே.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு எளிய கணக்கால் காட்டலாம். முகாமில் 50 மாணவர்கள் ஏழு நாள் தங்கினால் 350 ஆள்நாள். 2024-25-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அனைவரும் முழுநாளும் மண்வெட்டி பிடித்தாலும் அந்த உழைப்பின் மதிப்பு 1,11,650 ரூபாய். முகாமில் உடலுழைப்பு அரைநாள்தான். எனவே பாதியாகக் கொள்ளலாம். பழக்கமில்லாத கைகள் செய்யும் வேலை என்பதால் உண்மை மதிப்பு இன்னும் குறையும். எந்தத் தரிசில் கூடுதல் மண் அள்ள வேண்டும் என்பதை உள்ளூர்ப் பெண்கள் நம் மாணவர்களைவிட நன்றாக அறிவார்கள், விரைவாகவும் முடிப்பார்கள்.

ஆக, கிராமத்துக்குக் குறைவாக இருப்பது கூலியாள் அல்ல. அது விலைக்கு வாங்க முடியாத வேறு ஒன்று அதற்குத் தேவைப்படுகிறது: தன்னைப் பற்றிய துல்லியமான தகவலும், அதை எழுத்தில் வைத்து அரசிடம் கேட்கும் திறனும். அதைத்தான் ஒரு கல்லூரியால் தர முடியும்.

வேப்பனப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். வடக்கே கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். கிழக்கே ஆந்திரத்தின் குப்பம். கர்நாடகத்திலிருந்து இறங்கும் மார்க்கண்டேய நதி இவ்வழியே ஓடித் தென்பெண்ணையில் கலக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும். மாந்தோப்பு, கேழ்வரகு, கல் குவாரி என்றிருந்த பிழைப்பு, ஓசூர், குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி ஆலைகளை நோக்கித் திரும்பிவிட்டது. விடியலில் முச்சந்தியில் நிற்பது கல்லூரிப் பேருந்தா, கம்பெனிப் பேருந்தா என்பதைப் பொறுத்தே ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் வாழ்க்கை திசைமாறுகிறது.

இவ்வட்டாரத்தின் பழைய துயரம் குடிநீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் தீங்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பற்களில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். ஜப்பான் நிதியுதவியுடன் நிறைவேறி 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்கான பெரிய தீர்வு. ஆனால், குழாயில் அந்த நீர் வராத நாளில் ஒரு வீடு எந்த நீரைக் குடிக்கிறது? தொட்டியில் எதனோடு எது கலக்கிறது? இதை எந்த அலுவலகக் கோப்பும் சொல்லாது. வீடு வீடாகச் சென்று, அந்தந்த வீட்டின் மொழியில் கேட்டால்தான் தெரியும்.

எங்கள் முகாம்களில் நான் கண்டது இதுதான். மேடையில் விழிப்புணர்வுப் பாட்டுப் பாடியபோது ஊரார் கைதட்டினார்கள், கலைந்தார்கள். தெலுங்கு பேசும் மாணவி ஒருத்தி திண்ணையில் அமர்ந்து, 'எந்தக் குழாய்த் தண்ணீர் அவ்வா குடிக்கிறீர்கள்?' என்று கேட்டபோது அந்த மூதாட்டி அரைமணி நேரம் பேசினார். முட்டிவலியில் தொடங்கிய பேச்சு, முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பம் எங்கே நின்றுபோனது என்பது வரை சென்றது. வகுப்பில் வாய் திறக்காத அந்த மாணவி, மறுநாள் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த விண்ணப்பம் பற்றித் தானே விசாரித்தாள். அவளுக்கு நான் மூன்றாண்டு நடத்திய பாடங்களில் எதுவும் அதைக் கற்றுத் தந்திருக்காது.

இங்கேதான் 1969-க்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு தெரிகிறது. அன்று திட்டத்தை வகுத்தவர்களின் மனக்கண்ணில் இருந்த மாணவர் கிராமத்தை அறியாதவர்; அவரைக் கிராமத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. 2021-22-ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. எல்லையோர அரசுக் கல்லூரி ஒன்றின் வகுப்பறையில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மாலையானால் கிராமத்துக்குத் திரும்புகிறவர்கள். சிலர் இரவுப் பணி முடித்து வகுப்புக்கு வருகிறவர்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி, 'கிராமத்துக்குச் சேவை செய்யுங்கள்' என்று சொல்வதில் ஒரு முரண் இருக்கிறது. கடன்பட்டவராக அன்று கருதப்பட்ட மாணவரின் இடத்தில், அந்தக் கடனைக் கொடுத்தவரின் பேரப்பிள்ளை இன்று நிற்கிறார்.

ஆகவே திட்டம் தேவையற்றுப் போய்விட்டதா? இல்லை, தேவை கூடியிருக்கிறது. கிராமத்தில் பிறந்ததனாலேயே கிராமத்தை அறிந்துவிட முடியாது. தம் ஊரின் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குள் ஒருமுறைகூட நுழையாத மாணவர்கள் முகாமுக்கு வந்ததுண்டு. பக்கத்து ஊர்க் காலனியில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, அங்கேயே தண்ணீர் வாங்கிக் குடித்து, ஒரே பந்தியில் உண்டு திரும்பியபின் அவர்களது பேச்சில் ஏற்பட்ட மாற்றம் சிறிதாயினும் மெய்யானது. மாணவியர் பலருக்கு வீட்டைவிட்டு வெளியே தங்கும் முதல் இரவு முகாமில்தான் வாய்த்தது. அதற்காகப் பெற்றோரிடம் அவர்கள் நடத்திய வாதமே ஒரு பயிற்சி. குழந்தைத் திருமணம் இன்னும் முற்றாக ஒழியாத இம்மாவட்டத்தில், பத்தாம் வகுப்போடு நின்றுபோன சிறுமியின் வீட்டுக்கு அதே வட்டாரத்துக் கல்லூரி மாணவி சென்று பேசுவதற்கு இணையான பிரசாரம் வேறில்லை.

இத்தனைக்கும் வாய்ப்புள்ள ஒரு திட்டம் ஏன் சடங்காகிறது? முதல் காரணம், தொடர்ச்சியின்மை. கிராமத்தைத் தத்தெடுப்பது என்றால் ஆண்டுக்கணக்கில் அங்கே பணியாற்றுவது. நடைமுறையில், திட்ட அலுவலரின் பொறுப்புக்காலம் மூன்று, நான்கு ஆண்டுகளில் முடிகிறது. மாணவர் இரண்டாண்டில் வெளியேறுகிறார். புதிய அலுவலர் புதிய ஊரைத் தேடுகிறார். முந்தைய முகாமில் எடுத்த கணக்கெடுப்புத் தாள்கள் துறை அலமாரியில் கட்டிவைக்கப்படுகின்றன.

இரண்டாவது, பணமும் நேரமும். நெடுங்காலம் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாயும், முகாமுக்கு 450 ரூபாயுமே அரசின் ஒதுக்கீடாக இருந்தன. ஐம்பது பேருக்கு ஏழு நாள் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் 22,500 ரூபாய்! ஊராரின் அரிசியும் நன்கொடையாளரின் பரிவும் இன்றி ஒரு முகாமும் நடந்திராது. நிரந்தர ஆசிரியர் குறைந்த கல்லூரிகளில், வகுப்புச் சுமையோடு இதையும் சுமக்கும் ஆசிரியர், குறைந்த முயற்சியில் நிறைந்த புகைப்படம் தரும் நிகழ்ச்சியை நாடுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, அரைகுறைக் கட்டாயம். பெரியார் பல்கலைக்கழகம் உட்படத் தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப்படிப்பின் ஐந்தாம் பகுதி 'விரிவாக்கப் பணி'. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவற்றில் ஒன்றைக் காட்டினால் அதற்குரிய தகுதிப்புள்ளி கிடைக்கும். செலவு அதிகம் என்று தேஷ்முக் குழுவின் கட்டாயத்தை மறுத்த நாம், செலவில்லாத கட்டாயம் ஒன்றைப் புறவாசல் வழியே கொண்டுவந்துவிட்டோம். வருகைப் பதிவே சேவையின் அளவுகோலாகிவிட்டது.

மாணவர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பகுதிநேர வேலை செய்து படிக்கும் மாணவருக்கு 240 மணி நேரம் என்பது கையில் வரவேண்டிய கூலி. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். நகரத்து வசதியான மாணவரைவிட இவர் தரும் விலை அதிகம். இவரது நேரத்தைப் பேரணியில் வீணடிக்கும் உரிமை நமக்கில்லை. அந்த நேரத்துக்கு ஈடாக அவரிடம் ஒரு திறன் மிஞ்ச வேண்டும்: கணக்கெடுக்கத் தெரிய வேண்டும், கூட்டத்தில் பேசத் தெரிய வேண்டும், ஒரு மனுவை எழுதி அதன் பயணத்தைத் தொடரத் தெரிய வேண்டும். ஆலையின் நேர்முகத் தேர்விலும் ஊராட்சி மன்றத்திலும் ஒருசேரப் பயன்படும் திறன்கள் இவை.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு கல்லூரி, ஒரு கிராமத்தைக் குறைந்தது ஆறு ஆண்டுகள் விட்டுவிடாமல் இருக்கட்டும். அந்த ஊருக்கென ஒரு பதிவேடு தொடங்கி, பொறுப்பு மாறும்போது அலுவலர் அதைக் கைமாற்றிக் கொடுக்கட்டும். வேதியியல் மாணவர் நீரைச் சோதிக்கட்டும். வணிகவியல் மாணவர் மகளிர் குழுவின் கணக்கேட்டுக்கு உதவட்டும். பொருளியல் மாணவர் எத்தனை பேர் ஆலைக்குப் போகிறார்கள், எத்தனை பேர் திரும்பி வந்துவிட்டார்கள் என்று கேட்டு எழுதட்டும். காந்திகிராம நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வது பாடத்திட்டத்தின் பகுதியாகவே இருக்கிறது. கலைக் கல்லூரிகள் அதிலிருந்து கற்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முகாமின் முடிவு கல்லூரிக்கு அறிக்கையாகப் போவதோடு நின்றுவிடக் கூடாது; ஊருக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூட்டப்படுகிறது. மாணவர்கள் தாம் சோதித்த நீரின் முடிவை அந்தச் சபையில் வாசிக்கலாம். வீட்டு விவரம், சாதி, கடன் போன்ற அந்தரங்கங்களைத் தவிர்த்து, தெருவாரியாகத் தொகுத்துச் சொன்னால் போதும். அதைத் தீர்மானமாக்கிக் கையெழுத்திடும் உரிமை ஊராருக்கு உண்டு. அந்த ஊராரில் ஒருவராக, வாக்குரிமை பெற்றவராக, அந்த மாணவரும் அங்கே அமர்ந்திருப்பார்.

'நானல்ல, நீ' என்ற முழக்கம் தன்னலம் மறுக்கும் உயர்ந்த சொல். ஆனால், அதில் 'நான்' கல்லூரியிலும் 'நீ' கிராமத்திலும் இருப்பதாகக் கருதிய காலம் கடந்துவிட்டது. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். எல்லையோரக் கல்லூரியின் நலப்பணி, அந்த ஊர்க்காரரைத் தம் ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்த குடிமகனாக, குடிமகளாக ஆக்குமானால், 1969-இல் தொடங்கியவர்கள் எதிர்பார்த்த கடன் வட்டியோடு அடைக்கப்பட்டதாகும். வரும் செப்டம்பர் 24 அன்று பேரணிக்குப் பதாகை எழுதுமுன், தத்தெடுத்த கிராமத்துக்குக் கடைசியாக எப்போது போனோம் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும்.